தங்கம் இல்லாத அலமாரி

திங்கட்கிழமை, சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதி முடிந்திருந்தது. பள்ளி ஏவலர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "அம்மா, ஞானமுத்து வாத்தியார் பூட்டாருங்க" என்றார். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கைப் போட்டு முடித்தேன். விடை சரியாகவே வந்தது. அழுகை இன்னும் வரவில்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் பள்ளி எந்த மதத்தாருடையதும் அல்ல. ஜெபத்தோடு தொடங்குவதா, பூஜையோடு தொடங்குவதா என்று பெற்றோர் சண்டையிட்டபோது ஞானமுத்து சொன்னார்: "மணி அடிச்சா போதும். சாமிங்க அவங்கவங்க வூட்லயே இருக்கட்டும். இங்க பெஞ்சே பத்தல." நல்ல மனிதர் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறீர்கள். முன்கோபி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னறையில் அவர் அமைத்த காட்சிசாலைக்குப் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார். பாம்புச்சட்டை வந்தது, உடைந்த சுரங்க விளக்கு வந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் பாக்கியம், பாவாடை மடியில் ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தாள். அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் இழை ஓடியது.

"எங்க நைனா கொண்டாந்தாரு சார்."

பெரிய பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். அப்படித் தங்கம் ஓடிய கல் வீட்டில் இருந்தால் தகப்பனுக்குச் சிறை. அது தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

ஞானமுத்து கல்லைத் திருப்பிப் பார்த்தார். "அடச்சீ, வெறுங்கல்லு! இத்தயா இத்தினி தூரம் தூக்கினு வந்தே?" வகுப்பு சிரித்தது. அவள் அழுதாள். மஞ்சள் பக்கம் அடியில் போகும்படி அதை அலமாரியில் வைத்தார். நான் அவரையே பார்த்தேன்.

"கல்லுதாம்மா. காலேஜ் படிச்சவங்கன்னா எல்லாத்தியும் சந்தேகப்படணுமா?"

அன்று மாலையே சுரங்கக் காவல் அதிகாரி வந்தார். அலமாரியின் முன் நின்று, "இன்னா வாத்தியாரே, தங்க ஊர்ல மியூசியம் வெச்சுக்கீறீங்க, தங்கத்தக் காணோமே?" என்றார். அவர் கை அந்தக் கல்லின் பக்கத்தில் இருந்தது.

"அதெல்லாம் கப்பலேறிடுதுங்களே. எங்களுக்கு மிச்சம் கல்லுதான்."

அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் ஞானமுத்து அதைச் சுரங்கத்துக் கல்மேட்டில் எறிந்தார். என்னிடம் மட்டும் சொன்னார். "எங்க சார் என் கல்லு?" என்று பாக்கியம் கேட்டபோது, "குப்பையில போட்டேன்" என்றார். பள்ளிப் படிப்பு முடியும்வரை அவள் அவரோடு பேசவில்லை. அவரும் விளக்கவில்லை.

அவள் தகப்பன் போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டார்; இனி இதைச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. அடக்கத்துக்குப் பாக்கியம் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "என் கல்ல எறிஞ்ச வாத்தியாரு" என்றாள், கோபம் ஆறாமல். நடந்ததைச் சொன்னேன். குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனாவுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

அலமாரிச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தக் கல் இருந்த இடத்தில் அவர் வேறெதையும் வைக்கவில்லை. நானும் வைக்கப்போவதில்லை.