மண்ணை வளர்த்த வாடகைக்காரன்

"...அதாவது தம்பி, என் மண்ணை வாடகைக்கு எடுத்து, அதுல மண்ணையே வளக்கிறே!" என்று முடித்தார் வீட்டுக்கார அம்மா.

ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, கண்டோன்மெண்டில் அவர் வீட்டு முன்னறையில் நான் குடியிருந்த காலம். வேலியோரம் இரண்டு முழ இடத்தில் செங்காந்தள் கிழங்கு ஒன்றைப் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருந்தேன். சித்திரை முடிந்தும் குச்சிதான் நின்றது.

"கிழங்கு தூங்குதும்மா. மழை வந்தா எழுந்திரும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிட்டுப் படுப்பாரு."

ஞாயிறுதோறும் மாதா கோயில் பீடத்துக்குப் பூ வைப்பது அந்த அம்மாவின் பொறுப்பு. என் குச்சி நின்ற இடத்தில் டேலியாப் பூச்செடி போட அவருக்கு ஆசை. என் செடிகளில் அவர் மெச்சியது வாசல் தொட்டியில் இருந்த குரோட்டன்ஸ் ஒன்றைத்தான். வைகாசிக்குள் முளைக்காவிட்டால் மண்வெட்டி இறங்கும் என்று கெடு வைத்தார்.

கெடு வைத்தபின் கை சும்மா இருக்குமா? தினமும் மண்ணைக் கிளறிக் குனிந்து பார்த்தேன். "ஏன் ஸ்வாமி, அல்லி சினிமா தோர்ஸ்தாரா?" என்று கன்னடத்தில் கேட்டார் பால்காரர், அங்கே சினிமா காட்டுகிறார்களா என்று. கலப்பை மாதிரி இரண்டாய்ப் பிரிந்த கிழங்கு அது. முனைக்கு ஒரு முளைதான். ஐந்தாம் நாள் ஒரு முளை ஒடிந்து என் விரலோடு வந்துவிட்டது. மூச்சு விடாமல் மூடி வைத்தேன்.

மற்ற முனை என்னை மன்னித்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் மழை கொட்டியது, முளை வந்தது. இலை நுனிகளாலேயே வேலியைப் பற்றி ஏறி, ஆவணியில் பூத்துவிட்டது.

"நேத்து மஞ்சளா இருந்துச்சு, இன்னிக்குச் சிவப்பா இருக்கு. சாயம் போடறியா? ஜவுளிக்கடை புத்தி போகுமா!" என்றவர், அடுத்த ஞாயிறு காலை கத்தரிக்கோலோடு வந்து நின்றார். "என் வேலியில இருக்கிறது எனக்குத்தானே" என்றார்.

"பூச்சி, சிட்டெல்லாம் இதை நம்பி வருதும்மா" என்று கெஞ்சினேன்.

கத்தரி வாயைத் திறந்தது. அந்நேரம் பார்த்துத் தேன்சிட்டு ஒன்று வந்து பூவில் தொங்கியது. "சீக்கிரம் குடிச்சிட்டுப் போடா, பூசைக்கு நேரமாகுது" என்று அதட்டினார். அது போனது, அதன் ஜோடி வந்தது. அதுவும் போனதும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள். கோயில் மணி அடித்தது.

"குடும்பம் குடும்பமா வந்து சாப்பிடுதுங்க. பந்தியில இலையை எடுக்கிறதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். நேராக என் வாசலுக்குப் போய், குரோட்டன்ஸை ஓர் இலை விடாமல் வெட்டி, முந்தானையில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.