வளைகோட்டில் இருந்த மேடு

எழுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் இரண்டு அறைகள். ஏசி ஓடும் அறையில் இயந்திரம், ஓடாத அறையில் புரோகிராமரான நானும் ஆப்பரேட்டரும். ஆப்பரேட்டர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நெற்குப்பையிலிருந்து பஸ்ஸில் வருவார். துளை அட்டைகளை இயந்திரத்துக்குள் கொடுப்பது, அச்சாகி வரும் தாளைக் கிழித்துப் பிரிப்பது, ஏசி நின்றால் கத்துவது அவர் வேலை. மற்ற எல்லோருக்கும் நான் மிஸ், அவருக்கு மட்டும் ஆச்சி. செட்டியார் வீட்டுப் பெண்ணை, வயது எதுவானாலும், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு தயார். நாங்கள் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் கணிதப் பகுதிகளும் அதே டிஸ்கில் சேர்ந்து வரும். அடுத்த வாரம் அவர்களுடைய இஞ்சினியர் மூன்று நாள் காரைக்குடியில் இருப்பார், சம்மதமென்றால் மாற்றித் தருவார். வேண்டாமென்றால் பழையதையே ஓட்டலாம், ஆனால் அதில் இனி கோளாறு வந்தால் கம்பெனி பார்க்காது. கடிதத்தோடு திருத்தங்களின் பட்டியல் ஒன்றும் இணைத்திருந்தார்கள். எங்கள் தலைவர் கடித ஓரத்தில் ‘உங்கள் கருத்து?’ என்று எழுதி என் மேசைக்கு அனுப்பினார்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் மாற்றினால் என்ன, வலப்பக்கம் மாற்றாவிட்டால் என்ன. இடப்பக்கம் வேகமாக நிறைந்தது: அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கணக்கு ஓடும், பெரிய கோப்புகளை டிஸ்கில் வைக்கலாம், பிழைச் செய்திகள் எண்களாக இல்லாமல் சொற்களாக வரும். திருத்தப் பட்டியலில் இருபத்து மூன்று இனங்கள். எண்ணிப் பார்த்து, ‘சிறு திருத்தங்கள், 23’ என்று ஒரே வரியில் எழுதினேன். வலப்பக்கம் மூன்றே வரிகள். இப்போது ஓடுகிறது. எல்லோருக்கும் பழகிவிட்டது. மூன்றாவது வரி, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒருவர்.

அவர் கொத்தமங்கலத்துக்காரர். பேட்டரியின் மின்முனைகளைப் பற்றி ஆறு வருட வேலை. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அவருடைய கணக்கில் வரும் வளைகோட்டில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பும். அதே விஷயத்தில் வேலை செய்த வேறு யாருடைய கோட்டிலும் அந்த மேடு இல்லை. அது ஏன் வருகிறது என்று அவர் காரணம் கண்டுபிடித்து நாற்பது பக்கத்துக்குக் கடைசி அத்தியாயம் எழுதியிருந்தார். செக்காலையில் ஓர் அம்மாள் அதை டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு கொத்தமங்கலத்துக்காரர் நேரே எங்கள் அறைக்கு வந்தார்.

“நான் தீஸிஸ் கொடுக்கிற வரைக்கும் இதைத் தொடாதீக. இன்னும் எட்டு ரன் பாக்கி இருக்கு. பாதி பழசுல, பாதி புதுசுலன்னு கொடுத்தா எக்ஸாமினர் என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுருவாரு.”

“சார் ரூம்ல போன வருசக் காலண்டரே இன்னும் தொங்குது ஆச்சி,” என்றார் ஆப்பரேட்டர். “சிஸ்டத்தை எங்குட்டு மாத்த விடப்போறாரு?”

“அதுல முருகன் படம் நல்லா இருக்குண்ணே. அதுக்காக வச்சிருக்கேன்.”

“அப்ப தேதி?”

“தேதி பாத்தா பயமா இருக்குல்ல.”

அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. ‘இப்போதைக்கு மாற்ற வேண்டாம்’ என்று கருத்தை எழுதி முடித்தேன். ஆனால் தலைவரிடம் கொடுக்கவில்லை. இஞ்சினியர் எப்படியும் வரப்போகிறார், புதியதை வேறொரு டிஸ்கில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். டிஸ்க் ஒரு தாம்பாளம் அளவு இருக்கும், கழற்றி மாட்டக்கூடியது. பழையதற்கு ஒன்றும் ஆகாது.

சோதிக்கும் முறையை எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். பெண்ணுக்கு வரும் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். பெண் வீட்டில் ஒருவர் பட்டியலை வாசிக்க, மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அந்தச் சாமானைத் தூக்கிக் காட்டி ‘இருக்கு’ என்பார். வாசிப்பவர் சாமானைப் பார்க்கமாட்டார், தூக்குபவர் பட்டியலைப் பார்க்கமாட்டார். அதேபோல, இஞ்சினியர் வந்து புதிய டிஸ்கைத் தயார் செய்ததும், எங்கள் பதினோரு புரோகிராம்களையும் இரண்டு சிஸ்டத்திலும் ஓட்டி, பழைய தாளை ஆப்பரேட்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். புதிய தாள் என் கையில்.

“பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு ஏழு.”

“இருக்கு.”

“பூஜ்யம் புள்ளி நாலு மூணு ரெண்டு.”

“இருக்கு.”

“வெள்ளிக் குத்துவிளக்கு ரெண்டு.”

“இல்லை.”

“ஆச்சி முழிச்சுத்தான் இருக்கீக. சரி, பூஜ்யம் புள்ளி நாலு நாலு எட்டு.”

பத்து புரோகிராம்கள் வரி தவறாமல் ஒத்துப்போயின. பதினோராவது கொத்தமங்கலத்துக்காரருடையது. பதினெட்டு வரி வரை இருந்தது. பத்தொன்பதாவதில் ‘இல்லை’ என்றேன். தான் மறுபடி குத்துவிளக்கு சொன்னதாக நான் நினைத்துவிட்டேன் என்று எண்ணி ஆப்பரேட்டர், “இது நம்பர்தான் ஆச்சி,” என்றார். மூன்றாவது தசம இடத்தில் வித்தியாசம். தொடர்ந்து எட்டு வரிகள் ஒத்துப்போகவில்லை. பிறகு மறுபடி எல்லாம் சரியாக இருந்தது.

அந்த எட்டு வரிகள்தான் மேடு. புதிய எண்களை வரைபடத் தாளில் குறித்தேன். கோடு அந்த இடத்தை வழவழவென்று கடந்து போனது.

இஞ்சினியர் எட்டிப் பார்த்துவிட்டு, “பழசுலதாங்க தப்பு,” என்றார். “லிஸ்ட்லயே போட்டிருக்கே, பாக்கலையா?”

பதினாறாவது இனம். எக்ஸ்பொனென்ஷியல் என்ற அடுக்குக்குறிச் சார்பைக் கணக்கிடும் பகுதியில் குறிப்பிட்ட சில எண்களுக்கு இடையில் பிழை, திருத்தப்பட்டது. நான் இனங்களை எண்ணியிருந்தேன், படித்திருக்கவில்லை.

கம்பெனி தாளில் இருப்பதால் அது சரி என்று ஆகிவிடாது. ஏழு இலக்க மடக்கை அட்டவணைப் புத்தகம் இரண்டு எடுத்தேன். பத்தொன்பதாவது வரியை நான் என் அறையிலும் கொத்தமங்கலத்துக்காரர் அவர் அறையிலும் கையால் போடுவது, முடிக்கும்வரை பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் அதற்குமேல் எடுத்துக்கொண்டார், இரண்டு தடவை போட்டாராம். இருவருக்கும் புதிய சிஸ்டத்தின் எண்ணே வந்தது.

“மூணு தடவை சரிபாத்தேனே,” என்றார். “அதே அட்டைக் கட்டைக் கொடுத்து மூணு தடவை ஓட்டினேன். ஒரு புள்ளி மாறலையே.”

அதே அட்டைகள், அதே இயந்திரம், அதே பிழை. பெண் வீட்டாரே வாசித்து, பெண் வீட்டாரே தூக்கிக் காட்டியது போன்ற சோதனை. மூன்று முறையும் அந்த அட்டைகளை வாங்கி ஓட்டக் கொடுத்தவள் நான். எனக்கும் அப்போது தோன்றவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

“கருத்து எழுதிட்டீகளா?”

“எழுதிட்டேன் சார். மாத்த வேண்டாம்னு.”

“தலைவர்கிட்ட கொடுத்தாச்சா?”

“இன்னும் இல்லை.”

தாளைக் கேட்டு வாங்கினார். பழைய சிஸ்டம் இருந்தால் அவர் இரண்டு மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். பதினாறாவது இனத்தை எந்த எக்ஸாமினரும் படித்திருக்கப்போவதில்லை. இது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி வலப்பக்கத்தின் மூன்றாவது வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் செக்காலைக்குப் போறேன். அந்தம்மாவை நிறுத்தச் சொல்லணும். எத்தனை பக்கம் அடிச்சாங்களோ.”

இருபத்தாறு பக்கம் அடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அன்று சாயங்காலம் கருத்தை வேறு தாளில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். இம்முறை இருபத்து மூன்று இனங்களும் தனித்தனி வரிகளாக இருந்தன. மூன்றாம் நாள் இஞ்சினியர் சிஸ்டத்தை மாற்றிவிட்டுப் போனார். கொத்தமங்கலத்துக்காரர் ஆய்வேட்டைக் கொடுக்க அதற்குப் பிறகு பதினோரு மாதம் ஆயிற்று.

இஞ்சினியர் போன மறுநாள் காலையில் அவர் தன் துளை அட்டைகள் இருந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். தாடை மேல்பெட்டியில் அழுந்தியிருந்தது.

“எத்தனை சார் திரும்ப ஓட்டணும்?” என்று கேட்டார் ஆப்பரேட்டர்.

“எல்லாம்ணே.”

ஆப்பரேட்டர் மேல்பெட்டியை இறக்கி, முதல் அட்டைக் கட்டை எடுத்து, மேசையில் தட்டி ஓரங்களைச் சமமாக்கி, ஏசி அறைக்குள் கொண்டு போனார்.