விரிசலின் மேல் வைத்த பொட்டு

என் தங்கையின் கணவர் முதுகை முறித்தவன் நான்.

மேடு முறித்தது என்பார்கள், கல் முறித்தது என்பார்கள். அவரே அப்படித்தான் ஊரெல்லாம் சொல்கிறார். நம்பாதீர்கள்! மூன்று வருடமாக இதை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஒருநாள் என்னைத் தேடி வரக்கூடும். மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் துணிகிறவர்கள் இந்த ஊரில் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். உடம்புக்கு எந்தக் கவசம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கோ கதிர், பர்மியப் பேச்சில் கதிர் அண்ணன், பொறுக்கிக் கொடுத்த கவசம் உயிரைக் காக்கும் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. அந்தப் பேச்சை நம்பி வருபவர் நீங்கள் என்றால், முதலில் இதை வாசித்துவிடுங்கள்.

யாங்கோன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சட்டத்தில் தடை. அதனால் எங்கள் வண்டிகள் எங்களோடு வசிப்பதில்லை. வடக்கே லெகு பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டித் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகையில் வாரம் முழுவதும் தூங்கும். ஞாயிறு விடிந்ததும் நாங்கள் பஸ் ஏறிப் போவோம். கவசமும் ஹெல்மெட்டும் மட்டும் வீட்டில் எங்களோடு இருக்கும்.

அந்தப் பாதையை எப்படிச் சொல்வேன்... மழை ஓய்ந்த மாதத்துக் காலைகளில் ரப்பர் மரங்களுக்கிடையே பனி இடுப்பளவு நிற்கும். செம்மண் அதற்கடியில் ஈரமாய்க் கிடக்கும். நாம் போவதாகவே தோன்றாது. மரங்கள்தாம் வரிசை வரிசையாக நம்மைக் கடந்து பின்னால் போகும். நம் வண்டியின் சத்தமே அடுத்த தோட்டத்தில் எங்கோ கேட்பது போலிருக்கும். பத்து வருடம் அங்கே ஓட்டினேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. 'விழாத கதிர்' என்று கூட ஓட்டுகிறவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் என் தலைக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

தங்கை வள்ளியின் கணவர் சேகர், ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். வாரத்தில் ஆறு நாளும் ஊசியும் எண்ணெயுமாகக் கிடந்த அந்த மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் அழைத்துப்போய் அந்தப் பனியைக் காட்டினேன். அவ்வளவுதான்! உடம்பு வீடு திரும்பியது, மனசு அங்கேயே நின்றுவிட்டது. தானும் ஓட்டியே தீருவேன் என்றார்.

வள்ளி சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மாலை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணே, அவரத் தடுக்க எனக்கு மனசு வரல. ஆனா கவசம் நீங்கதான் பாத்து எடுக்கணும். உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! உலகத்தில் வேறு ஆளே இல்லை என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றேன்.

சீனக் கடைவீதியான லத்தாவில் பழக்கூடைகளுக்கும் பொரித்த வாத்துக் கடைகளுக்கும் நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு ஏறும். மேலே கவசம் விற்கும் கடை. பாங்காக்கிலிருந்து சரக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் வெறும் கொக்கிகள்தாம் தொங்கும். மூன்று சனிக்கிழமை சேகரை அங்கே கூட்டிப்போனேன். வெறும் நுரை வைத்துத் தைத்த சட்டை ஒன்று இருந்தது. போட்டால் காற்றாட இருக்கும், யாங்கோன் புழுக்கத்துக்கு எவரும் அதைத்தான் ஆசைப்படுவார்கள். கல்லில் விழுந்தால் அது பஞ்சு மெத்தைதான் என்று தள்ளிவிட்டேன். இன்னொன்றில் மார்புக்குத் தடித்த ஓடு, முதுகுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி முன் நிற்பதற்கு அது போதும், மண்ணில் விழுவதற்குப் போதாது. அதையும் தள்ளினேன்.

மூன்றாவது சனிக்கிழமை கிடைத்தது நான் தேடியது. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒரே வார்ப்பாக இறங்கும் கெட்டித் தட்டு, அதன் உட்புறம் கனத்த நுரை, தோளுக்கும் முழங்கைக்கும் தனித்தனிக் கிண்ணங்கள். நிற்கும்போது பொருந்தினால் போதாது, உட்காரும்போதும் பொருந்தவேண்டும். சேகரைக் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து, இல்லாத வண்டியின் கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னேன். ஹெல்மெட்டைப் போடவைத்துத் தட்டு அதில் இடிக்கிறதா என்று பார்த்தேன். தோள் கிண்ணத்தைப் பிடித்துத் திருகினேன், நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த மனிதர் முக்காலியிலேயே இடமும் வலமும் சாய்ந்து வளைவுகளில் போய்க்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

படியிறங்கும்போது ஒரு பாடம் வேறு நடத்தினேன்.

"மாப்ளே, ஒரு பெரிய அடி வாங்கிட்டா இதோட கதை முடிஞ்சது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். தூக்கிப் போட்டுறணும், யோசிக்கவே கூடாது."

சேகர் அதை அன்று மாலை வள்ளியிடம் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். அவள் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பயம் தெளிந்தது.

ஊருக்கு உபதேசம்... எனக்கு? கேளுங்கள்.

சேகர் நான்கைந்து ஞாயிறு மெதுவாக ஓட்டிப் பழகியிருந்த சமயம். ஒரு ஞாயிறு தொழிற்சாலையில் அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் கவசத்தின் இடுப்பு வார் அறுந்திருந்தது. அவருடையதைக் கேட்டேன். "இதுக்குக் கேக்கணுமா மச்சான்" என்று மடித்துக் கையில் கொடுத்தார். தனியாகப் போனேன்.

எப்படி விழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பின்சக்கரம் வழுக்கியது. பிறகு வண்டி இல்லை, நான் மட்டும் பனியின் மேல் மல்லாந்து போய்க்கொண்டிருந்தேன். இலைகளுக்கிடையே வானம் வெளுத்திருந்தது. அவசரமே இல்லாத ஒரு நேரம் அது... முடியவே முடியாது என்று தோன்றியது. பிறகு முதுகுக்கடியில் டக்கென்று ஒரு சத்தம். வெட்டிய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை.

வலியே இல்லை! அங்கேயே கிடந்து சிரித்தேன். எப்பேர்ப்பட்ட கவசத்தைப் பொறுக்கியிருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கொட்டகையில் கழற்றித் துடைத்தபோதுதான் பார்த்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, தட்டின் குறுக்கே, நடுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

செய்யவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியாதா? பாடம் நடத்தியவனே நான்தானே! கடையில் இன்னொன்று இல்லை, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது, அடுத்த ஞாயிறு சேகருக்கு எல்லோருடனும் சேர்ந்து போகும் முதல் நெடும்பயணம். இப்படியெல்லாம் எனக்குள் அடுக்கிக்கொண்டேன். அத்தனையும் சாக்கு. உண்மையைச் சொல்லவா? விழுந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. விழாத கதிர் விழுந்தான் என்று நாலுபேர் சிரிப்பார்களே என்ற வெட்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லை.

அந்த வாரம் ஆயுத பூஜை. வண்டி நகரத்துக்குள் வரமுடியாது, அதனால் வண்டியின் இடத்தில் கவசத்தையும் ஹெல்மெட்டையும் வைத்துக் கும்பிடுவதுதான் எங்கள் வழக்கம். சேகரின் ஸ்பேனர்கள், ஊசிப் பெட்டி, வள்ளி பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் கவசம். பொட்டு வைக்க அகலமாக இருக்கட்டும் என்று முதுகுப்புறம் தெரியச் சாய்த்துவைத்தார் சேகர். சந்தனம் தீர்ந்துபோயிருந்தது. வள்ளி கல்லில் தனக்கா மரக்கட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்து, கன்னத்துக்குப் பூசுகிற அதே மஞ்சள் குழம்பைக் கிண்ணத்தில் வழித்து வைத்திருந்தாள். அறை முழுக்க அதன் வாசனை. விளக்கைப் பற்றவைத்தாள். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

வள்ளி கிண்ணத்தை எடுப்பதற்குள் நான் எடுத்தேன். மூன்று விரலைத் தோய்த்துத் தட்டின் குறுக்கே பட்டையாக இழுத்தேன். கோட்டின் மேல், சரியாகக் கோட்டின் மேல். நீர்த்த குழம்பு விரிசலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். நடுவில் குங்குமம் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் சாமி படத்துக்கு முன்னால் மறைத்தேன்.

கண்ணை மூடிக் கும்பிட்டார் சேகர். இந்தப் பட்டையை அழிக்கவே மாட்டேன், இப்படியேதான் போட்டுக்கொண்டு போவேன் என்றார்.

அந்த ஞாயிறு சொல்வதற்கு எனக்கு எத்தனை வாய்ப்பு! பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம், தன் டீயின் பாலேட்டை அவர் எனக்கு எடுத்துப் போட்டார். கொட்டகையில் அவர் இடுப்பு வாரை மாட்டிவிட்டவனே நான்தான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மச்சான்" என்றார். இறுக்கினேன்.

பனி அன்று வழக்கத்தைவிட அடர்த்தி. அவர் முன்னால், நான் பின்னால். கவசத்துக்கு மேல் போட்ட சட்டையின் வலைத்துணி வழியாக முதுகில் அந்த மஞ்சள் பட்டை மங்கலாகத் தெரிந்துகொண்டே போனது. ஒரு திருப்பத்தில் தெரிந்தது, மறுபடி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஆளுயரம்கூட இல்லாத மேடு அது. அதன் அடியில் கல். மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது, 'மச்சான், என் காலைக் காணோமே' என்றார். கால்கள் இருந்தன. அவருக்குத்தான் தெரியவில்லை.

தட்டு இரண்டாக முறிந்திருந்தது. எங்கே என்று சொல்லவேண்டுமா?

ஆஸ்பத்திரியில் டாக்டர், கவசம் இல்லாவிட்டால் இவர் பிழைத்திருக்கமாட்டார் என்றார். வள்ளி அங்கேயே, எல்லோரும் பார்க்க, என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க எடுத்த கவசம்தாண்ணே அவர எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு."

அப்போதாவது சொன்னேனா? தலையை ஆட்டினேன்.

முழுத் தட்டாக இருந்திருந்தால் என்னைப் போல அவரும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாரா? கட்டை வேறு, கல் வேறு, விழுந்த விதம் வேறு என்று என்னையே தேற்றிப் பார்க்கிறேன். தெரியாது... இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தத் தட்டுக்கு ஒரு பெரிய அடியைத் தாங்கும் உயிர் இருந்தது, அதை நான் செலவழித்துவிட்டேன்.

சேகருக்குக் கால்களில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. கைத்தடியோடு நடக்கிறார். முதுகுக்குள் உலோகக் கம்பிகள். தொழிற்சாலை வேலை போயிற்று. அக்கம்பக்கத்துத் தையல் மெஷின்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறார், அரைமணி உட்கார்வதும் அரைமணி படுப்பதுமாக. குனிந்து கால் நகம் வெட்டிக்கொள்ள முடியாது, வள்ளிதான் வெட்டிவிடுகிறாள்.

எனக்கு மத்தியானத் தூக்கத்தில் ஒரே கனவு. ரப்பர் மரங்களுக்கு நடுவே சேகர் தடியில்லாமல் நிமிர்ந்து நடந்து போகிறார். முதுகில் மஞ்சள் பட்டை. கூப்பிடுகிறேன், எனக்குக் குரல் வரவில்லை. அவர் திரும்பாமலேயே பனிக்குள் போய்விடுகிறார். விழித்தால் என் விரல்களில் தனக்கா வாசனை அடிக்கிறது. சத்தியமாக அடிக்கிறது!

முறிந்த இரண்டு துண்டுகளையும் அவர்கள் எறியவில்லை. கம்பியால் கட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அது கீழே இறங்கி நடுவில் உட்காரும். முதல் பொட்டு நான்தான் வைக்கவேண்டும் என்பாள் வள்ளி, என் கை ராசியான கையாம். முறிவைத் தொடாமல், மேலே ஓரமாக ஒரு குங்குமப் பொட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

இந்த வருடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். கம்பி தளர்ந்திருந்தது, துண்டுகள் விலகியிருந்தன. இறுக்கலாம் என்று எடுத்தபோது, மூன்று வருடத்தில் முதன்முறையாக முறிந்த விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தேன். இருபுறமும் அது சுத்தமாக, கறுப்பாக இருந்தது. நடுவில் மட்டும், ஒரு நடுவிரல் நீளத்துக்கு, உள்வரை மஞ்சள். முறிவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருந்தால்தான் தனக்கா அப்படி உள்ளே இறங்கமுடியும். பழைய விரிசல் எது, புது முறிவு எது என்று மெஷின்களில் பார்த்துப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் சேகர். இதைக் கம்பி போட்டுக் கட்டியதும் அவர்தான்.

நிமிர்ந்தேன். சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தேன். "கிண்ணத்தக் குடு வள்ளி" என்றேன்.

கொடுத்தாள். மூன்று விரலைத் தோய்த்தேன். சேகர் மெதுவாக, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"நல்லா அழுத்திப் பூசுங்க மச்சான். மொத தடவ மாதிரியே."

பூசினேன்.