மெயில் வாட்ச்மேன்

ஆஸ்பத்திரியில் அவருக்கு மெயில் வாட்ச்மேன் என்று பேர். எவர் வைத்தாரோ, ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து வெளியே போகிற மெயில் எல்லாம் அவருடைய சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். எந்தெந்த மெஷின் கொடுப்பதை அது வாங்கி அனுப்பலாம் என்று முடிவு செய்வது அவர் வேலை.

முன்பு மேனேஜர், எதற்கு இந்தக் கெடுபிடி, எல்லோருக்கும் திறந்துவிடு என்று நச்சரித்தார். இவர் திறந்தார். எவனோ ஊர் பேர் தெரியாதவன் அதில் புகுந்து லாட்டரி மெயிலாக அனுப்பித் தள்ளினான். ஆஸ்பத்திரி பேரில் வந்தாலே குப்பை என்று உலகமே ஒதுக்கியது. அதைச் சரிசெய்ய அவர் படாத பாடு பட்டார். திட்டு முழுக்க அவருக்கு. மேனேஜர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, நெட்வொர்க் முகவரி பார்த்து அவர் அனுமதித்த மெஷின் மட்டும்தான் அனுப்பலாம்.

அப்புறம் என்ன, நிம்மதி போயிற்று. புது பிரிண்டர் வந்தால் சண்டை, ஆபீஸ் அறை மாறினால் சண்டை. யார் வந்து புலம்பினாலும் தன் நாற்காலியில் இருந்தபடியே ஒரு மெயில் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குப் போகுதே" என்பார். அவர் கம்ப்யூட்டரிலிருந்து போகாமல் என்ன செய்யும்? முதலில் அனுமதித்ததே அதைத்தானே!

இந்த வாரம் உயிரை வாங்கியவள் அவருடைய அக்கா. அவள் இதய ஆபரேஷனுக்கு வெளியூர் டாக்டர் தேதி கொடுத்திருந்தார். தம்பியின் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வியாழனுக்குள் லேபிலிருந்து நேராக மெயிலில் வர வேண்டும், இல்லாவிட்டால் தேதி கிடையாது. ரிப்போர்ட் வரவில்லை என்கிறாள் அக்கா. லேப் அம்மாவோ, மெஷினில் 'அனுப்பியாச்சு' என்று காட்டுகிறதே என்கிறார். இவர் வழக்கம்போல் ஒன்று தட்டினார்; போனது.

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. அவங்களையே நல்லாப் பாக்கச் சொல்லு" என்று எரிந்து விழுந்தார். மறுநாளும் அதே பாட்டு.

வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் மாடியேறி லேபுக்கே போனார். அந்த மெஷினிலிருந்து தன் சொந்த மெயிலுக்கு ஒன்று அனுப்பச் சொன்னார். 'அனுப்பியாச்சு' என்றது. கையிலிருந்த போன் வாயே திறக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. போன வாரம் லேப் கீழிருந்து மாடிக்கு மாறியது. மாடியில் மெஷினுக்கு வேறு நெட்வொர்க் முகவரி. ஒயரைச் செருகியவரே அவர்தான். சர்வரிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கீழே ஓடிப்போய் சர்வரின் அனுமதிப் பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தார். ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். இனி ரெண்டு மாசம் கழித்துத்தானாம். பேசும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"யாருடா அந்தப் பொறுப்பில்லாத ஆளு? நீ அங்கதானே இருக்கே. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளு."

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்க்கா" என்றார்.