வெள்ளிக்கிழமைப் பசங்களும் ஞாயிற்றுக்கிழமைப் பசங்களும்

ஜனவரி 26, திங்கட்கிழமை. காலை ஐந்தரை மணிக்குக் காவேரிப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றுக்கு எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் ஊரில் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். அது வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று வார விடுப்பில் வந்தவன், பசங்கள் ஆடும் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க ஆம்பூருக்குக் கிளம்பினேன்.

"பந்து பாக்கவா அவ்ளோ தூரம் போற? பிரியாணி துன்னப் போறன்னு சொல்லு, நம்புறேன்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விளையாட்டுப் பீரியட் வந்தால் கணக்கு வாத்தியார் உள்ளே வந்துவிடுவார்; ஆகவே பந்தை உதைத்துப் பழகியதில்லை. இங்கிலாந்து போன பிறகு, வார்டில் உடன் வேலை செய்பவர் ஒரு சனிக்கிழமை அந்த ஊர் க்ளப்பின் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். நான்காம் பிரிவில் ஆடும் க்ளப். அன்று மழையில் நனைந்து, தோற்றுத் திரும்பினோம். அடுத்த வாரமும் போனேன். இப்போது க்ளப் செய்திகளையும் அங்கே சிறுவர் அணிகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதையும் வாரம் ஒரு முறை தமிழில் என் இணையப் பக்கத்தில் எழுதுகிறேன். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர்களில் ஒருவர் ஆம்பூர் இம்தியாஸ் பாய். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். மற்ற நேரத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பசங்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தருகிறார். இந்த மாதம் எங்கள் க்ளப் தன் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியை மூடிவிட்டு, அந்தப் பணத்தில் வேறு க்ளப்புகளிலிருந்து ஆட்டக்காரர்களை இரவல் வாங்கப் போவதாக அறிவித்தது. எனக்குக் கோபம். 'சேர்ந்து பயிற்சி எடுக்காத பதினோரு பேர் ஒருநாளும் அணி ஆக மாட்டார்கள்' என்று எழுதினேன். அதன் கீழே இம்தியாஸ் பாய் எழுதியிருந்தார்: "தம்பி, நம்ம பசங்க சேர்ந்து ப்ராக்டிஸ் பண்றதே இல்ல. ஆனாலும் டீம்தான். ஊருக்கு வந்தா வந்து பாருங்க."

இது எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்னைப் பேருந்தில் ஏற்றியது.

ஆற்காட்டில் வண்டி நின்ற இடைவெளியில் இறங்கி, பசங்களுக்காக ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கினேன். மேல்விஷாரத்தில் தொப்பி அணிந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மச்சான் முன் இருக்கையில். நான் போட்டிருந்த க்ளப் சட்டையைப் பார்த்து, "இது இன்னா, ஐபிஎல்லா?" என்றார். ஃபுட்பால் என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. இருவரும் வேலூருக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கப் போகிறார்களாம்.

"எனக்குத் தோல் டேனரி, வெள்ளிக்கெழம லீவு. இவன் மோட்டார் கம்பெனி, ஞாயித்துக்கெழம லீவு. ஒண்ணா கடைக்குப் போணும்னா கவர்மெண்டு லீவு வுட்டாதான் உண்டு. ஜனவரி இருபத்தாறு வந்துச்சோ, பொழச்சோம்" என்றார்.

"அப்படியே பொழைச்சாலும் கடைசில பொம்பளைங்க எடுக்கறதுதான் பொடவ" என்றார் மச்சான், திரும்பாமலே.

வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டு, திருப்பத்தூர் வண்டியைப் பிடித்தேன். ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா, மாதனூர் என்று நெடுஞ்சாலை பாலாற்றை ஒட்டியே போகிறது. வழியில் கம்பெனி வாசல்களில் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு ஆம்பூரில் இறங்கினேன்.

இம்தியாஸ் பாய் பைக்கோடு நின்றிருந்தார். எழுத்தில் பழகியவரை நேரில் பார்க்கும்போது முதலில் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அவருக்கு அது இல்லை. "ஃபோட்டோல இன்னும் கொஞ்சம் வெயிட்டா தெரிஞ்சீங்க தம்பி. ஏறுங்க" என்றார்.

மைதானம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டி அவர்களே சமன்படுத்திய இடம். போகும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய அணியில் பாதிப் பேர் ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. மீதிப் பேர் மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற அரசுப் பள்ளிப் பசங்கள், அவர்களுக்கு ஞாயிறு. பாய்க்கு வெள்ளி விடுமுறை. ஆகவே ஒரு கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆ தொழுகைக்கு முன்பு பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு ஞாயிறு விடிகாலை, அவர் ஷிஃப்டுக்குப் போகும் முன்பு.

"எல்லாரும் ஒண்ணா நிக்கிறது வருஷத்துல நாலஞ்சு நாள்தான் தம்பி. இன்னிக்கு அதுல ஒண்ணு."

"அப்போ மற்ற நாளெல்லாம் பாதி அணியை வைத்து எப்படிப் பயிற்சி தருவீர்கள்?"

"கட்ட இருக்குதே" என்றார்.

மைதானத்துக்குப் போனதும் புரிந்தது. ஷூ கம்பெனியில் தோலை இழுத்து வடிவம் கொடுப்பதற்குப் பாதம் போலவே பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு இருக்கும். அதைத்தான் கட்டை என்கிறார்கள். மாடல் பழசானால் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த கட்டைகளைக் கேட்டு வாங்கி, குச்சிகளில் செருகி, ஆள் நிற்க வேண்டிய இடங்களில் நட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு பெயர். வெள்ளிக்கிழமை வராத பசங்களுக்குப் பதில் அவர்கள் பெயர் போட்ட கட்டைகள் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுடையவை. பந்தை அந்தக் கட்டைக்குத் தட்டிப் பழக வேண்டும். இதில் ஒரு நேர்த்தியும் உண்டு: அந்தந்தப் பையனின் கால் அளவுக்கே கட்டை.

"தினேஷுக்குத் தீபாவளிக்கு அப்புறம் மாத்தினேன். கால் வளர்ந்துட்டுச்சு" என்று நீலக் கட்டை ஒன்றைப் பிடுங்கியபடி சொன்னார். ஆட்டத்துக்காக எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் போட்டோம்.

வாணியம்பாடியிலிருந்து எதிரணி வந்திறங்கியது. எங்கள் பக்கத் தலைவன் ஃபைஜான், வெள்ளிக்கிழமைப் பையன். டாஸ் ஜெயித்து, தோல் தொழிற்சாலை நாற்றத்தோடு வரும் காற்று தங்கள் முதுகுப் பக்கம் அடிக்கிற மாதிரி இடம் கேட்டான். "எங்களையா மூக்கப் பொத்த வைக்கிற? நாங்க வாணியம்பாடிடா, எங்க ஊர்லயும் டேனரிதான்" என்று எதிரணிப் பையன் சிரித்தான்.

பெற்றோர்கள் இருபது பேர் இருக்கும், கரையில் நின்றார்கள். அவர்கள் ஆட்டம் பார்க்க மட்டும் வரவில்லை. மே மாத விடுமுறையில் வேலூரில் நடக்கும் சிறுவர் போட்டிக்கு அன்று மாலைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். ஒரே அணியாகக் கொடுப்பதா, வெள்ளி அணி, ஞாயிறு அணி என்று பிரித்துக் கொடுப்பதா? பெற்றோர்களில் பலருக்குப் பிரிப்பதுதான் நல்லது என்று பட்டது. பாய்க்கு மனமில்லை. "இன்னிக்கு ஆட்டத்தப் பாருங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். பிரித்துவிட்டால் இந்தப் பசங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவது எதிரணியாகத்தான்.

பத்து மணிக்கு விசில் ஊதியது. நான் இதுவரை பார்த்திராத ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். நடுவில் ஃபைஜான் பந்தை வாங்குவான்; தலை நிமிராமல் வலது ஓரத்துக்கு அருமையாக ஒரு பாஸ் அடிப்பான். பந்து போய்ச் சேரும் இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே நிற்க வேண்டிய தினேஷ், மாதனூர்ப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைப் பையன், பத்து அடி முன்னால் ஓடிக்கொண்டிருப்பான். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. ஃபைஜான் தினேஷுக்குப் பாஸ் கொடுக்கவில்லை. தினேஷின் கட்டை நிற்கும் இடத்துக்குக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பசங்களும் அப்படியே. காற்றுக்குப் பாஸ் கொடுத்துவிட்டு, "இன்னாடா, அங்க இல்லயா நீ?" என்று கத்தினார்கள். வாணியம்பாடிக்கு வேலையே இல்லை. கிடைத்த பந்தை எடுத்துப் போய் இரண்டு கோல் போட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் தினேஷின் அம்மா கஸ்தூரி நின்றிருந்தார். வேறொரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் துணி துவைக்க, வீட்டு வேலை பார்க்க என்று இருப்பதால் அவர் மைதானத்துக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

"பாய்! எம்புள்ளய இந்தப் பசங்க கட்டையாத்தான் பாத்துக்கிறானுங்க. ஆளா வந்து நின்னா அடையாளமே தெரியல" என்றார் சத்தமாக. கரை முழுக்கச் சிரிப்பு. பாயும் சிரித்தார், ஆனால் சரியாகச் சிரிக்கவில்லை.

இடைவேளையில் பெற்றோர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரெண்டா பிரிங்க பாய், நெறைய பசங்களுக்குச் சான்ஸ் கெடைக்கும் என்றார்கள். அவர் என்னைக் காட்டி, "தம்பி லண்டன்லேர்ந்து வந்திருக்காரு, தெனம் இதேதான் பாக்கறாரு, எழுதறாரு. அவரையே கேளுங்க" என்றார்.

லண்டன் என் ஊரிலிருந்து நான்கு மணிநேரம் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் லண்டன்தான், சொல்லுப்பா" என்றார் கஸ்தூரி.

பாய் எந்தப் பதிலை எதிர்பார்த்து என்னைக் கேட்கச் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் பார்த்ததைத்தான் சொல்ல முடிந்தது. இங்கிலாந்தில் பத்து வயதுப் பசங்கள்கூட வாரம் இரண்டு நாள் ஒன்றாகப் பயிற்சி எடுக்கிறார்கள். ஒருவன் எந்தக் காலில் திரும்புவான், எப்போது ஓடுவான் என்று மற்றவனுக்குத் தெரியும். அது இல்லாமல் பசங்கள் மனசு உடைந்துவிடுவார்கள். "பிரிப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது" என்றேன். பாய் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பசங்கள் கொஞ்சம் தள்ளி வட்டமாக உட்கார்ந்து என் மக்கன் பேடாவைத் தின்றபடி தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாதி தொடங்கியதும் தினேஷ் ஓடவில்லை. வலது ஓரத்தில் ஓர் இடத்தில் போய் அசையாமல் நின்றான். இடது ஓரத்திலும் பின்னாலும் அப்படியே ஒவ்வொருவனாக நின்றார்கள். "இவனுங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றார் கஸ்தூரி. அவரவர் கட்டை நட்டிருந்த இடத்தில்தான் அவரவர் நிற்கிறார்கள் என்று பாய்தான் முதலில் கண்டுபிடித்தார். ஃபைஜானுக்குப் பந்து வந்தது. தலை நிமிராமல் வலது ஓரம். தினேஷ் காலில் ஒட்டியது. தினேஷ் பார்க்காமல் நடுவுக்குத் தட்டினான். அங்கே இன்னொரு வெள்ளிக்கிழமைப் பையன். வாணியம்பாடிப் பசங்கள் பந்து எங்கே போகிறது என்று திரும்புவதற்குள் கோல்.

இது கொஞ்ச நேரம்தான் பலித்தது. நின்ற இடத்திலேயே நிற்பவர்களை மறிக்க யாருக்கும் கஷ்டமில்லை. எதிரணி ஆளுக்கொருவராக ஒட்டிக்கொண்டது. ஆட்டம் முடியப்போகிற சமயம் ஃபைஜான் பந்தோடு நின்றான். அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். தினேஷ் தன் இடத்தை விட்டுக் கிளம்பி ஓடிக்கொண்டிருந்தான். ஃபைஜான் அவனுக்கும் முன்னால், ஓடுகிற வழியில் பந்தை விட்டான். தினேஷ் எட்டிப் பிடித்து அடித்தான். கோல்கீப்பர் விழுந்து தடுத்துவிட்டான். 2–1. தோற்றுவிட்டோம்.

தினேஷ் மூச்சு வாங்க வந்து நின்றான். "ஏன்டா மரம் மாரி நின்ன?" என்றார் கஸ்தூரி.

"அங்க நின்னாதாம்மா அவனுக்குப் பழக்கம்."

பின்னாலேயே வந்த ஃபைஜான், "ஆன்ட்டி, இவன் இவ்ளோ ஸ்பீடா ஓடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது. கட்ட ஓடாதுல்ல" என்றான். "இன்னொரு வாரம் சேந்து ஆடுனா போதும். ஒரே வாரம்" என்று தினேஷின் தோளைக் குத்தினான்.

கஸ்தூரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பி, "வெள்ளிக்கெழம இவனுங்களுக்கு நாலு மணிக்கு ஸ்கூல் வுடுது. அதுக்கு மேல இங்க வந்தா இன்னா?" என்றார்.

"வரலாம் கஸ்தூரிம்மா. மத்தவனுங்க சைக்கிள்ல போயிடுவானுங்க, உங்க ஊரு ஆறு பேரு எப்படித் திரும்பிப் போவானுங்க? உங்க ஊருக்குள்ள போற பஸ்ஸு ஆறுக்கு ஒண்ணு, அத வுட்டா ஒம்போதுக்குத்தான். இருட்டுல எப்படி அனுப்புறது? அந்த பேஜார்லதான் நான் கேக்கவே இல்ல."

"எங்க கம்பெனி பஸ்ஸு ஆறரைக்குக் கெளம்புதே. எங்க ஊருக்குள்ளதான போவுது."

"வெளியாள ஏத்துவாங்களா?"

கஸ்தூரி செல்போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். லீவு நாளில் தூங்கிக்கொண்டிருந்தவரின் குரல் கேட்டது.

"ஆறு பசங்களா? வேணாங்கா. கேட்ல செக்யூரிட்டி எட்டிப் பாப்பான்."

"கேட்டுக்கு வெளிய, ரோட்டுல ஏத்திக்கயேன்."

"யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"எம்புள்ளைங்கன்னு சொல்லு."

"ஆறுமா?"

"ஆறும்தான்."

"எல்லாம் ஒரே வயசுலயாக்கா?"

கரையில் நின்றவர்கள் சிரித்ததில் டிரைவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை. கஸ்தூரி போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "சீட்டு கேக்கக் கூடாதாம். எங்க மடியில, கால்கிட்ட, எங்கனா உக்காந்துக்கணும். பந்து உள்ள வரக் கூடாதாம்."

இம்தியாஸ் பாய் என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, இப்ப சொல்லுங்க."

"ஒரே அணியாகக் கொடுங்கள்" என்றேன். ஆனால் அதற்குள் அவர் போனில் பெயர்களை டைப் செய்ய ஆரம்பித்திருந்தார். ஒரு தகப்பனார் மட்டும், "நம்ம பையனுக்கு எறங்க சான்ஸ் கெடைக்குமா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாய் அவர் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

மாலை நாலரைக்கு ஆம்பூரிலிருந்து கிளம்பினேன். எங்கள் க்ளப் தன் சிறுவர் அணியை மூடிய செய்தி மூன்று வரி. செலவு என்று எழுதியிருந்தது. செலவு உண்மையாகவே இருக்கும். ஆனால் மூடுவதற்கு முன் அந்தப் பசங்களின் வீட்டார் யாரையாவது மைதானத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. திரும்பிப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் விசாரிக்கப் போகிறேன்.

ஊர் எல்லையில், பூட்டிய கம்பெனி ஒன்றின் மதிலுக்குள் பேருந்துகள் வரிசையாக நின்றன. விடுமுறை என்பதால் ஆள் அரவமே இல்லை. எங்கள் வண்டி சிக்னலில் நின்றபோது மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஜன்னல்கள் தெரிந்தன, உள்ளே இருக்கைகள் நெருக்கமாகப் போட்டிருந்தன. வேலை முடிந்த களைப்பில் அத்தனை பெண்கள் உட்கார்ந்த பிறகு, ஆறு பசங்களை எங்கே நுழைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு பச்சைக்கு மாறியது.