கல்யாண அம்பாசடருக்கு ரேஸ் சம்ப்பு மாட்டிய கதை

மன்னார்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ரேஸ் டிராக் கிடையாது. வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வேகத்தடை நிறைய இருக்கிறது. முப்பது வருஷமாக இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தேதான் ஒரு பழைய அம்பாசடருக்கு ரேஸ் காரில் போடுகிற ஆயில் சிஸ்டத்தை முழுசாக மாட்டினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. புத்தகம் படித்திருந்தேன்.

பழைய வண்டி வைத்திருக்கிற இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "சார், இதுக்கு ரேஸ் ஆயில் பம்ப் போடலாமா? ஆயில் கூலர் போடலாமா?" பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அது எப்படி வந்தது என்பதை எழுதிவிட்டால் பதிலைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

1. கண்ணடிக்கும் விளக்கு

வண்டி வைத்திலிங்கம் அண்ணனுடையது. ஊருக்குக் கிழக்கே பதினோரு கிலோமீட்டரில் அவருக்கு நிலமும் வீடும். அம்பாசடர் அவருடைய அப்பா வாங்கியது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் அதன் பானெட்டிலும் ஒரு பொட்டு வைப்பார்கள். அவருடைய கல்யாணத்துக்குப் பெண் வந்து இறங்கியது அதில்தான். இப்போது மகள் கயல்விழிக்குக் கல்யாணம். அவளும் அதில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. அவள் ஆசையும் அதுதான்.

மார்கழியில் ஒருநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, மாசியில கல்யாணம். வண்டியைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"கம்ப்ளைண்ட் ஏதாவது இருக்காண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஸ்லோவுல நிக்கிறப்ப அந்த ஆயில் லைட்டு கண்ணடிக்கும். ஆக்சிலேட்டர மிதிச்சா போயிடும்."

நான் முகத்தைச் சீரியஸாக்கிக்கொண்டேன். அப்போதுதான் ரேஸ் இன்ஜின்களின் ஆயில் ஓட்டம் பற்றி ஒரு தடித்த வெளிநாட்டுப் புத்தகத்தை இரண்டாவது முறையாக முடித்திருந்தேன். பேரிங்குக்கு ஆயில் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. அந்தப் படங்களை அவருக்கும் காட்டினேன்.

"பொண்ண ஏத்திக்கிட்டுப் போறப்ப நடுரோட்டுல இன்ஜின் இறுகிப் பிடிச்சிக்கிட்டு வண்டி நின்னுட்டா என்னண்ணே பண்ணுவீங்க?"

அவர் முகம் மாறியது. மாறட்டும் என்றுதான் கேட்டேன். இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

"அப்படியெல்லாம் ஆயிடுமா தம்பி?"

"நான் இருக்கேன்ல, ஆகாது" என்றேன்.

2. எண்பது

நான் வரவழைத்த சாமான்கள்: அதிக ஆயில் தள்ளுகிற பெரிய பம்ப். பிரஷர் ஏறினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வுக்கு விறைப்பான ஸ்பிரிங். கிரில்லுக்குப் பின்னால் மாட்டுகிற ஆயில் கூலர், அதற்கான டியூபுகள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தொட்டியான சம்ப்பும் புதிது. பழையது தகடு. இது அலுமினிய வார்ப்பு, உள்ளே தடுப்புகள் வைத்தது, இரண்டு அங்குலம் ஆழம் கூட. வண்டி வளைவில் பறக்கும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருப்பதற்காகத் தடுப்பு. எங்கள் ஊரில் வளைவில் பறக்கிற வண்டி தனியார் பஸ் ஒன்றுதான். அதற்கு யாரும் இதைப் போட்டதில்லை.

என் ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பங்கு ஜபருல்லா பாய்க்கு. கூத்தாநல்லூர்க்காரர், வளைகுடாவில் பதினாறு வருஷம் கராஜில் வேலை பார்த்துத் திரும்பியவர். பார்சலைப் பிரித்து அந்தச் சம்ப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான்ணே. பளபளன்னு இருக்கு. எதுக்கு இது?"

"பிரஷர் பத்தல பாய்."

"பிரஷரை அளந்து பாத்தீங்களா?"

"விளக்கு எரியுதுல்ல?"

"அந்த லைட்டோட சுவிட்ச மாத்திப் பாத்தீங்களா?"

நான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அண்ணே, ரேஸ்ல ஒரு ரவுண்டு முடிஞ்சா இன்ஜினைப் பிரிச்சி மேஞ்சிடுவானுங்க. அவனுக்கு இது சரி. வைத்திலிங்கம் அண்ணன் எந்த ரேஸுக்குப் போறாரு? உரக்கடைக்கா?"

கேலி செய்கிறவர் சொல்வது சரியாக இருக்கும்போது நமக்குக் கோபம் அதிகம் வருகிறது. பத்து நாளில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். பிரஷர் மீட்டர் ஒன்றையும் டேஷ்போர்டில் வைத்தேன். அதற்கான பைப்பை மாட்ட, இன்ஜினின் உடலான பிளாக்கில் இருந்தது ஒரே துளை. பிரஷர் குறைந்தால் விளக்கை எரியவிடுகிற சுவிட்ச் அதில்தான் இருந்தது. சுவிட்சைக் கழற்றிவிட்டு மீட்டர் பைப்பை மாட்டினேன். டி போல ஒரு ஜாயின்ட் போட்டிருந்தால் இரண்டையும் வைத்திருக்கலாம். மீட்டர் வந்த பிறகு விளக்கு எதற்கு என்று நினைத்தேன். கல்லூரிக்குப் போனவன் வாய்ப்பாட்டைக் கைவிடுகிற மாதிரி.

அண்ணன் வந்து ஸ்டார்ட் செய்தார். முள் எழுந்து எண்பதில் நின்றது.

"எண்பது!" என்றேன், நானே பெற்று வளர்த்தது போல.

"அது நல்லதா தம்பி? எனக்கு டாக்டர் எறக்கச் சொல்றாரு. நீங்க ஏத்தி விடுறீங்க."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்து, "லைட்டு எரியவே இல்லியே!" என்று மகிழ்ந்தார். அது இனி எப்போதுமே எரியாது என்று நான் விளக்கிச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

3. செங்கல்

தஞ்சாவூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி நன்றாக ஓடியது. அண்ணனின் ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. மார்கழியில் ஓட்டியிருந்தாலும் பயனில்லை. அறுவடைக்குப் பிறகுதான் அந்த ரோடு வேறு ரோடாக மாறும்.

தையும் மாசியும் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி, களம். நெல்லைப் பரப்பிக் காயவைத்து, வண்டிகள் மேலே ஏறிவிடாமல் ஓரத்தில் செங்கல்லையும் கல்லையும் வரிசையாக வைத்துவிடுவார்கள். எதிரே பஸ் வந்தால் மட்டும் கார்க்காரர் கல் வரிசையைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை நெல்லில் இறக்கி ஒதுங்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள்.

பெண் அழைப்பு சாயங்காலம் நாலு மணிக்கு. நான் மண்டப வாசலில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேருக்கு ஆயில் கூலர் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நாயனக்காரர் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா, "வரப்போற வண்டி நீங்க ரெடி பண்ணதுதானே?" என்று கேட்டார். முதலில் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு மினி பஸ் ஒன்று வந்து நின்றது. காய்கறி மூட்டையோடு ஒருவர் இறங்கினார். பின்னால் கயல்விழி, பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அவள் அம்மாவும் அத்தைகளும், சீர்வரிசைத் தட்டுகளோடு. மினி பஸ் கண்டக்டர் ஒரு பழத்தட்டை ஏந்தியபடி கடைசியாக இறங்கினார். ஆரத்தி எடுக்க நின்றவர்களுக்கு எந்த வண்டிக்கு முன்னால் சுற்றுவது என்று தெரியவில்லை. கயல்விழி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழாமல் இருப்பதற்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் பாயும் பைக்கில் போனோம். அண்ணன் வீட்டிலிருந்து ஏழாவது கிலோமீட்டரில் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் மாலையோடு அம்பாசடர் நின்றது. பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய வைத்திலிங்கம் அண்ணன்.

"நாலாவது கிலோமீட்டர்ல பஸ்ஸுக்கு ஒதுங்கினேன் தம்பி. எப்பவும் ஒதுங்குற எடந்தான். அடியில 'டங்'குன்னுச்சு. கல்லுல பட்டிருக்குமோ, எறங்கிப் பாக்கலாமான்னு நெனச்சேன். லைட்டு எரியல. உங்க முள்ளு எனக்கு எங்க புரியுது? சரி, ஒண்ணும் இல்லன்னு ஓட்டிட்டேன். அப்புறம் கடகடன்னு ஒரு சத்தம். அப்படியே பிடிச்சிக்கிச்சு."

பின்னால் போய்ப் பார்த்தோம். ரோட்டில் மூன்று கிலோமீட்டருக்குக் கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடத்தில் யாரோ ஒருவருடைய நெல்லில் ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு ஆயில். நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண்மணி முறத்தால் அதை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பாய் அந்தச் செங்கல்லைப் பார்த்தார். ஒருக்களித்து வைத்த சாதாரணச் செங்கல்.

"ஏம்மா, கல்லை இவ்ளோ ஒசரமாவா வைப்பீங்க?" என்று நான்தான் கேட்டேன். யாரையாவது கேட்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "எங்க மாமனார் காலத்துலேருந்து இதே ஒசரந்தான். அண்ணன் வீட்டு பிளசர் காரு தட்டாமப் போவணும்னுதான் இந்த அளவுல வைப்போம். இத்தன வருஷம் தட்டல. நீங்கதான் மெக்கானிக்கா?"

பாய் எனக்காகத் தலையை ஆட்டினார்.

4. பிரித்த பிறகு

இன்ஜினைப் பிரித்தோம். பேரிங்குகள் உருகி, சுழல்கிற கிராங்க் தண்டில் ஒட்டியிருந்தன. ஒரு கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கின் சுவரைப் பிளந்திருந்தது. அப்பா வாங்கிய நாளிலிருந்து அந்த பிளாக் மாறியதே இல்லை. பழைய தகட்டுச் சம்ப்பு இருந்திருந்தால் செங்கல்லில் தட்டியே இருக்காது. தட்டியிருந்தாலும் நசுங்கியிருக்கும். அலுமினிய வார்ப்பு நசுங்காது, பிளக்கும். ஆயில் கூலரின் இடுக்கெல்லாம் வைக்கோல் தூசி. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுப்பு. பதினோரு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறி ஈரம் வெளியேற வேண்டும். அதற்குள் நான் அதைக் குளிரவைத்திருக்கிறேன்.

கழற்றிப்போட்ட பழைய பம்ப்பை ஒரு வாரம் கழித்துத்தான் அளந்து பார்த்தேன். தேய்மானம் அளவுக்குள் இருந்தது. பழைய சுவிட்சை வேறொரு நல்ல இன்ஜினில் மாட்டிப் பார்த்தேன். பிரஷர் சரியாக இருந்த அந்த வண்டியிலும் அது கண்ணடித்தது. கட்டைவிரல் அளவுச் சுவிட்ச். அதைப் பற்றிப் பாய் கேட்டபோது நான் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ரேஸ் சாமான்களில் தப்பில்லை. ஒவ்வொன்றும் ஒரு கஷ்டத்துக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கஷ்டம் உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் நல்ல ஆயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள், விளக்கைப் பிடுங்காதீர்கள், வண்டி போகிற ரோட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வேறு இன்ஜின் தேடி, என் செலவில் போட்டுத் தருகிறேன் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். "வேண்டாம்னு சொல்லுங்க, தம்பி மேல வருத்தம் இல்ல" என்று மூன்று முறையும் பதில் வந்தது. வருத்தம் இல்லை என்று ஒருவர் மூன்று முறை சொல்லி அனுப்பினால் எவ்வளவு வருத்தம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தை மாதம் நானே போனேன். வண்டி மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பானெட் இருக்கும் இடத்தில் தார்ப்பாயின் மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து சுவிட்சை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் நன்றாக இருந்தது, இன்ஜின் நன்றாக இருந்தது, கெட்டுப்போயிருந்தது இது ஒன்றுதான், நீங்கள் விளக்கைச் சரி செய்யச் சொல்லி வந்தபோது நான் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்றேன்.

அவர் சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"லைட்டுக்கு எங்க தம்பி வந்தேன்? அது பத்து வருஷமா அப்படித்தான் எரியும். நான் வண்டியைக் கழுவி பாலிஷ் போட்டு வாங்கிட்டுப் போவலாம்னுல்ல வந்தேன்."