மலையில் எடுத்த ரத்தம்

பழனியின் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் மணிமொழிக்கு அதிர்ச்சி வரவில்லை, அலுப்புதான் வந்தது. ஆளுக்கு முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, குடியும் கிடையாது. இருந்தும் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டன. இந்த மாதிரி ஆட்கள் கள்ளக்குறிச்சி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் கரும்பு வெட்டுகிற கூலிக்காரர்கள். கால் வீங்கி, சோறு பிடிக்காமல், குமட்டிக்கொண்டு வருவார்கள். வரும்போதே காலம் கடந்திருக்கும்.

மணிமொழி நைனார்பாளையத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பா போன பிறகு அண்ணன் ராஜாங்கம்தான் படிக்கவைத்தார். மெட்ராஸில் சிறுநீரக மருத்துவம் முடித்தபோது, ஆராய்ச்சி செய்ய ஆசை இருந்தால் இங்கேயே இரு என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். அவர் ஆராய நினைத்த நோய் ஊர்ப்பக்கம்தான் இருந்தது. மாற்றல் கேட்டு வந்துவிட்டார்.

அவருடைய சந்தேகம் எளிமையானது. உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல், நிழலில் ஒதுங்காமல் வருஷக்கணக்கில் வெட்டுவதால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. ஆனால் சந்தேகத்தை யாரும் அச்சில் போடமாட்டார்கள். எண்பத்தேழு பங்குனியில் வயல் வயலாகப் போய், வெட்டுக்காரர்களிடம் வேலைக்கு முன்பும் பின்பும் ரத்தம் எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவு பாடுபட்டும் குளிர்ச்சியில் இருக்கிற ஜனங்கள் வேண்டும். அதற்குக் கல்வராயன் மலைதான்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஜீப் போகாது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மலையூரில் யாரும் கையை நீட்டவில்லை. ஊர்ப் பெரியவர் வேடியப்பன்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்.

“எடுத்துக்குங்கம்மா. கீழ இருக்கறவங்களுக்கு ஒதவும்ன்னு சொல்றீங்க.”

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். செப்டம்பர் மாதம் அது. ரத்தக் குப்பிகளோடு மணிமொழி கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்த அன்று, வார்டில் பழனிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடனே டயாலிஸிஸ் செய்ய மெட்ராஸ்தான் போகவேண்டும். பழனியையும் அவன் மனைவி செல்லியம்மாளையும் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏற்றி, ஐஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டு தானும் கிளம்பினார். ரத்தத்தைப் பரிசோதிக்கும் கூடமும் மெட்ராஸில்தான் இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் தொடங்கியிருந்தது. உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். லாரிகள் கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பழனியின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்துவிட்டது.

“வுடக்கூடாதுன்னு இல்லம்மா. இந்த மரத்த நகத்துனாலும் அதுக்கு அப்பால வழி நெடுக மரமாத்தான் கெடக்குது. வண்டி போவாது. திரும்பிப் போயிடுங்க.”

“எத்தன நாளைக்கு இப்பிடி?”

“ஒரு வாரம்ன்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

பழனிக்கு ஒரு வாரம் கிடையாது. மணிமொழி ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டயாலிஸிஸ் மெஷின் இல்லை. பழைய முறை ஒன்று உண்டு. தொப்புளுக்குக் கீழே சின்னத் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, குளுக்கோஸ் கலந்த உப்புநீரை வயிற்றுக்குள் விட்டு, ஊறவைத்து, வடியவிடவேண்டும். ரத்தத்தில் சேர்ந்த கழிவு அந்த நீரோடு வெளியே வரும். திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை. நர்ஸ் ராஜாம்பாளும் அவரும் மாறி மாறிச் செய்தார்கள். சாலையில் மரம் விழுந்தபோது கம்பிகளும் அறுந்ததால் ஊரில் கரண்ட் இல்லை. உப்புநீர் பாட்டில்களை வெந்நீரில் வைத்துச் சூடேற்றினார்கள். மூன்றாம் நாள் பழனி கண்ணைத் திறந்து செல்லியம்மாளைத் தேடினான்.

அப்போதுதான் மணிமொழிக்கு ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தார். ஐஸ் எல்லாம் உருகி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குப்பிகளில் ரத்தம் கெட்டு, மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீரும் சிவந்துபோயிருந்தது. ஒன்றுகூடத் தேறாது. பெட்டியை மூடிவைத்தார். பிறகு ராஜாம்பாள் கூப்பிட்டாள், அடுத்த பாட்டிலை மாற்றப் போனார்.

சாலை திறந்ததும் பழனியை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். சில மாதம் போய்வந்தான். வாராவாரம் கூலி வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய்வர அந்தக் குடும்பத்தால் முடியவில்லை. தை மாதம் வீட்டிலேயே செத்துப்போனான். துக்கத்துக்குப் போன மணிமொழியிடம் செல்லியம்மாள் அழாமல் சொன்னாள்:

“நீங்க பொழைக்க வெச்சீங்கம்மா. எங்களாலதான் வெச்சிக்க முடியல.”



மணிமொழி மலைக்கு மறுபடியும் போனார். போன தடவை கொடுத்த ரத்தம் என்ன ஆச்சு என்று வேடியப்பன் கேட்டார். கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னார்.

வேடியப்பன் கோபப்படவில்லை. “ரத்தம் குடுத்த பொறவு ரெண்டு பொம்பளைங்க காய்ச்சல்ல படுத்துட்டாங்கம்மா. அதனாலதான்னு நான் சொல்லல. ஊரு சொல்லுது. திரும்பக் கேக்க என்னால ஆவாது.”

அவர் மட்டும் கையை நீட்டினார். ஒரு கை போதாது. மணிமொழி அவருடைய ரத்தத்தை எடுக்காமலே இறங்கி வந்தார்.

மலை ஜனங்களின் ரத்தக் கணக்கு இல்லாமலே கட்டுரையை எழுதவேண்டியதாயிற்று. அது பற்றிய பேச்சு நைனார்பாளையம் வரை போனது. ராஜாங்கம் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். பழனி கடைசியாக வெட்டியது அவருடைய கரும்பைத்தான்.

“இன்னா மணி, நம்ம வயல்ல வேல செஞ்சதாலதான் அவனுக்குக் கிட்னி பூடுச்சுன்னு எழுதப் போறியாமே?”

“நம்ம வயலுன்னு எழுதலண்ணே. கரும்பு வெட்றவங்கன்னுதான் எழுதறேன். மத்தியானத்துல வெட்ட வுடாதீங்க. குடிக்கத் தண்ணியும் ஒதுங்க ஒரு கொட்டாயும் போடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.”

“மில்லு லாரி வந்து நின்னுக்கினு இருக்கும்போது கொட்டாயில ஒக்கார வெக்கறதா? நீ படிச்சதே அந்தக் கரும்புலதான்.”

“தெரியும்ண்ணே.”

ராஜாங்கம் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அதன்பிறகு பொங்கலுக்கும் நல்லது கெட்டதுக்கும் கூப்பிடுவார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவே இல்லை. வயலில் எதுவும் மாறவில்லை.

கட்டுரை இரண்டு இடங்களிலிருந்து திரும்பி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஜனங்கள் எங்கே என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. பூச்சிமருந்தாக இருக்கலாம், நாட்டுமருந்தாக இருக்கலாம் என்றார்கள். கேள்வியில் தப்பில்லை என்று மணிமொழிக்கே தெரியும். கடைசியில் யாரும் அதிகம் படிக்காத ஒரு பத்திரிகையில் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு மறுபடியும் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. இடம் இடமாக மாற்றினார்கள். போன ஊரிலெல்லாம் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். ஓய்ந்த வேளையில் வெயில் காய்கிற வயல்களுக்குப் போய், தண்ணீர் குடிச்சீங்களா என்று கேட்டார். சில பேர் டாக்டரம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தார்கள். சில பேர் குடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். எத்தனை பேர் அதனால் தப்பித்தார்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் அவரிடம் இல்லை.

ஓய்வு பெற்றுச் சங்கராபுரத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தபோது, எங்கோ தூரதேசத்தில் கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்றை மருமகள் முறையான ராதிகா கொண்டுவந்து கொடுத்தாள். ராஜாங்கத்தின் மகன் சுபாஷின் மனைவி அவள். வெயில், வியர்வை, தண்ணீர். தாழ்வான வயலில் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், மலைக்காட்டில் வேலை செய்கிறவர்கள் மறுபக்கம். எல்லாம் அதில் இருந்தது. அவருடைய பெயர் எங்கும் இல்லை. அந்த ஆட்களுக்கு இவரைத் தெரிய வழியும் இல்லை.

“உங்களுக்குக் கோவம் வரலீங்களா அத்தை?” என்று ராதிகா கேட்டாள்.

“கோவப்படவெல்லாம் இப்ப தெம்பு இல்லம்மா. இது சரியாத்தான் இருக்குது.”

ராதிகா போனதும் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் படுத்தார். அன்று மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.